கடலின் கதவைத் திறந்தவர்

கிணற்றிலோ குளத்திலோ மூச்சை அடக்கி முங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் தாக்குப் பிடிப்பீர்கள்? அரை நிமிடம்? மிஞ்சிப் போனால் ஒரு நிமிடம்! அதற்குள் நெஞ்சு முட்டும். தலையை வெளியே நீட்டிவிடுவீர்கள்.

ஆனால், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, மீன்களோடு மீனாக நீந்துகிறார்களே ஸ்கூபா வீரர்கள், அவர்களுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் முக்கியமானவர், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழாக் கூஸ்தோ. கடலுக்குள் போகக் கற்றுக்கொண்ட அவர், கடலைக் காக்கக் கற்றுக்கொண்டது எப்படி? வாருங்கள், பார்ப்போம்.

நோஞ்சான் பையன்

1910-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி, தென்மேற்கு பிரான்சில் ஒரு சிற்றூரில் பிறந்தார் கூஸ்தோ. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்துவிடும் நோஞ்சான் பிள்ளை. ஆனாலும் தண்ணீர் என்றால் அவருக்கு உயிர்.

பத்து வயதில், அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அங்கே ஒரு கோடை முகாமில், ஏரியின் அடியில் கிடந்த பட்ட மரக்கிளைகளை அகற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது. கண்ணாடி கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, கிளைகளை இழுத்துப் போட்டார். உலகப் புகழ் பெற்ற அந்தக் கடல் மனிதர், தண்ணீருக்கு அடியில் முதலில் செய்த வேலை குப்பை அள்ளியதுதான்!

பள்ளியில் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து, வெளியே அனுப்பப்பட்ட குறும்புக்காரரும் அவரே. இதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்!

உடைந்த கனவு

1930-ஆம் ஆண்டு கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவரது கனவு. 1936-இல் ஒரு கார் விபத்தில் இரண்டு கைகளும் முறிந்தன. விமானி கனவும் அதோடு முறிந்தது.

கைகளுக்குப் பலம் வர, தினமும் கடலில் நீந்தச் சொன்னார் கடற்படை நண்பர் பிலிப் தாய்யே. நீருக்கடியில் பார்க்க உதவும் கண்ணாடியையும் கொடுத்தார். துலோன் நகரக் கடற்கரையில் அதை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார் கூஸ்தோ. பச்சைப் பாசி மூடிய பாறைகள், வெள்ளி போல மின்னும் மீன்கள்! தலையை நிமிர்த்தினால் கரையில் மனிதர்களும் வாகனங்களும். குனிந்தால் வேறோர் உலகம். இனி வாழ்க்கை இங்கேதான் என்று அவர் முடிவு செய்தது அப்போதுதான்.

உயிரோடு விளையாட்டு

மூச்சை அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? சுத்தமான ஆக்சிஜனை அடைத்த கருவியோடு இறங்கிப் பார்த்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். கருவியைச் சரிசெய்து மறுபடி இறங்கினார். மறுபடியும் அதே கதை. உயிர் காக்கும் ஆக்சிஜனே, ஆழத்தில் நஞ்சாகிவிடும் என்பதை இப்படித்தான் உணர்ந்தார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு. எனவே கார்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வைத் தயார் செய்திருந்தார் எமில் கான்யான் என்ற பொறியாளர். என்ஜினுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு வாயுவை மட்டும் அது விடும். மனிதன் மூச்சு விடவும் அதுதானே வேண்டும்? இருவரும் கைகோத்தார்கள்.

1943-ஆம் ஆண்டு. பாரிசுக்குப் பக்கத்தில், மார்ன் நதியின் குளிர்ந்த நீரில் முதல் சோதனை. படுத்தவாறு நீந்தினால் கருவி நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று புஸ்ஸென்று வீணானது. தலைகீழாகத் திரும்பினால் மூச்சு திணறியது!

ஏன் அப்படி? தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். காற்று உள்ளே வரும் இடமும், விட்ட மூச்சு வெளியேறும் வாயும் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. அந்தச் சிறிய வித்தியாசமே கருவியைக் குழப்பியது. இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தார்கள். பிரச்னை தீர்ந்தது! இப்படிப் பிறந்ததுதான் அக்வா லங். நீர் நுரையீரல் என்று பொருள்.

கருவி வந்ததும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1947-இல், எவ்வளவு ஆழம் போகலாம் என்ற சோதனையில், 120 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய நண்பர் மோரிஸ் ஃபார்க் உயிரோடு திரும்பவில்லை. கடலுக்கும் ஓர் எல்லை உண்டு என்று அந்தக் குழு கற்றுக்கொண்ட விலை, ஒரு நண்பனின் உயிர்.

தவறும் திருத்தமும்

1950-இல் கலிப்ஸோ என்ற பழைய போர்க் கப்பல் கூஸ்தோவுக்குக் கிடைத்தது. அதைக் கடல் ஆய்வுக் கப்பலாக மாற்றி ஊர் ஊராகச் சுற்றினார். அவர் எடுத்த மௌன உலகம் என்ற படம், 1956-இல் கேன்ஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றது. ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

ஆனால் குட்டீஸ், அந்தப் படத்தை இன்று பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். கடலை நேசித்த மனிதரா இப்படி? ஆமாம். அந்தக் காலத்தில் கடல் வற்றாத களஞ்சியம் என்றே பலரும் எண்ணினார்கள்; அவரும் அப்படித்தான் எண்ணினார்.

ஆண்டுகள் போகப் போக, தான் முன்பு மூழ்கிய இடங்களிலேயே மீன்கள் குறைந்து வருவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். அவர் மனம் மாறியது. 1960-இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டும் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். மக்களும் சேர்ந்துகொள்ள, திட்டம் கைவிடப்பட்டது. 1973-இல் கடலைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

எண்பது வயதிலும் ஓயவில்லை. அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று லட்சக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டினார். கண்டத்துக்கு ஒருவராக ஆறு குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்றார். 1991-இல் உலக நாடுகள் கூடி, அங்கே சுரங்கம் தோண்டத் தடை விதித்து ஒப்பந்தம் செய்தன.

1997-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி, 87-வது வயதில் பாரிசில் மறைந்தார் கூஸ்தோ.

நீங்களும் மூழ்கலாம்!

கூஸ்தோ குழுவினர் உயிரைப் பணயம் வைத்துக் கற்றவை, இன்று பயிற்சி மாணவர்களுக்கு முதல் வகுப்புப் பாடங்கள். மூச்சை அடக்கக் கூடாது. ஏனென்றால் 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் உள்ள காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும்! மெதுவாகத்தான் மேலே வரவேண்டும். தனியாக இறங்கக் கூடாது. எப்போதும் ஒரு தோழர் பக்கத்தில் இருக்க வேண்டும். பவளத்தைத் தொடவே கூடாது.

10 வயதிலேயே, பெரியவர் துணையோடு முதல்கட்டப் பயிற்சியைத் தொடங்கலாம். முதலில் நீச்சல் குளம், பிறகு கடல். 18 வயதானதும் இதையே தொழிலாகக் கொள்ளும் பயிற்சிக்குப் போகலாம். பல நாடுகளில், கடல் பாதுகாப்புக் குழுக்களோடு சில மாதங்கள் தங்கி, மீன்களைக் கணக்கெடுத்து, பவளப்பாறையில் சிக்கிய வலைகளை அகற்றிக்கொண்டே இந்தப் பயிற்சியைப் பெறுகிறார்கள் இளைஞர்கள். ஏரியில் கிளை பொறுக்கிய அந்தப் பத்து வயதுப் பையன் நினைவுக்கு வருகிறானா?

தவறே செய்யாதவர் அல்ல கூஸ்தோ. கருவி தவறு செய்தபோது கருவியைத் திருத்தினார். தானே தவறு செய்தபோது, தன்னைத் திருத்திக்கொண்டார். இரண்டாவதுதான் ரொம்பக் கஷ்டம். என்ன குட்டீஸ், சரிதானே?