ஜேம்ஸ் பாரிஸ் லீ: த்ரீ நாட் த்ரீயைத் தந்த கடிகாரக்காரர்

இந்தியக் காவல் நிலையங்களின் ஆயுத அறைகளில் பல தலைமுறைகளாக நின்ற துப்பாக்கியை மக்கள் த்ரீ நாட் த்ரீ என்றே அறிவர். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு நாளில்தான். லீ என்ஃபீல்டு என்னும் அதன் முறையான பெயரில் முதற்பாதி ஒரு மனிதருடையது. அந்த மனிதரின் வாழ்வைச் சாதி ஒழிப்பு இயக்கத்தார் ஏன் அறிய வேண்டும் என்ற கேள்வி எழலாம். துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் துப்பாக்கி இயங்கும் விதம் அறிந்தவர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பில்தான் இருக்கிறார்கள். நாமும் அதை அறிந்தாக வேண்டும் என்பதே நமது விடை.

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831 ஆகஸ்ட் 9 அன்று ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பிறந்தார். தந்தை கடிகாரமும் நகையும் செய்பவர். லீ குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கனடாவின் கால்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் பழைய கைத்துப்பாக்கியின் குழல் ஒன்றைக் கொண்டு தானே ஒரு துப்பாக்கி செய்ய முயன்றார் என்றும், சிறு வயதிலேயே ஒரு துப்பாக்கி விபத்தில் குதிகாலில் காயமுற்றார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். தந்தையிடம் தொழில் கற்று, 1850 வாக்கில் சாத்தம் நகரில் சொந்தக் கடை திறந்தார். பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திற்குச் சென்றார். தலைமுடி அளவு பிசகினாலும் ஓடாத சக்கரங்களோடு பழகிய கை, துப்பாக்கியின் பூட்டுப் பகுதியில் இறங்கியது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில் ஆயிரம் துப்பாக்கிகளுக்கான அரசு ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. அவர் குழலைத் துளைத்த அளவு அங்குலத்தில் 0.42. இராணுவம் எதிர்பார்த்த தோட்டாவின் அளவு 0.44. வேறுபாடு நூற்றில் இரண்டு அங்குலம்தான். ஒப்பந்தம் முறிந்தது, வழக்கு எழுந்தது, தொழிலும் நொடித்தது. குழலும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் துப்பாக்கி வெறும் இரும்பு. சில வேளைகளில் சுடுபவரையே கொல்லும் இரும்பு.

1879இல் அவர் பெற்ற காப்புரிமையே அவரை வரலாற்றில் நிறுத்தியது. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கழற்றத்தக்க பெட்டி, விசைப்பூட்டிற்குக் கீழே நின்றது. அடியிலுள்ள வில் ஒவ்வொரு தோட்டாவையும் மேலே தள்ளும். பிரித்தானிய அரசு 1888 டிசம்பரில் இந்த அமைப்பை, வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்த ஏழு புரிகள் கொண்ட குழலோடு இணைத்து ஏற்றுக்கொண்டது. இந்த மெட்ஃபோர்டு கிழக்கிந்திய இரயில்வேயில் பொறியாளராக வந்து 1857 கிளர்ச்சியின்போது முங்கேரில் இருந்தவர். கார்டைட் என்னும் புதிய வெடிமருந்தின் வெப்பம் அவருடைய ஆழமற்ற புரிகளை விரைவில் தேய்த்தது. எனவே 1895இல் ஐந்து ஆழப் புரிகள் கொண்ட என்ஃபீல்டு குழல் வந்தது. லீயின் பெயர் மட்டும் மாறாமல் நின்றது.

இத்துப்பாக்கியின் பாதுகாப்புச் சோதனைகளில் ஒன்றை இங்கே விளக்குவது தகும். தோட்டாவின் விளிம்பு அமரும் இடத்திற்கும் விசைப்பூட்டின் முகத்திற்கும் உள்ள இடைவெளி 0.064 அங்குலத்திற்குக் குறையக் கூடாது, 0.074ஐத் தாண்டவும் கூடாது. மிகுந்தால் வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, வாயு சுடுபவரின் முகத்தில் பாயும். இதைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை எண்ணிட்ட வெவ்வேறு பூட்டுத்தலைகள் இருந்தன. ஆயுதத்தைத் தாங்குபவரின் உயிருக்கு இத்தனை நுண்ணிய காப்பு. அதன் முன்னே நிற்பவருக்கான காப்பு எந்த அளவுகோலிலும் இல்லை. அது சட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

இனி இந்தியா. 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டம் படைக்கிடங்கில் தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர் பார்ப்பனச் சிப்பாயிடம் செம்பில் நீர் கேட்டார். சாதியைக் காட்டி மறுத்தார் சிப்பாய். கொழுப்பு தடவிய புதிய தோட்டாவைக் கடித்த பிறகு அந்தச் சாதி எங்கே நிற்கும் என்ற பொருளில் தொழிலாளி திருப்பிக் கேட்டதாக அக்கால அதிகாரிகள் பதிவு செய்தனர். மக்கள் நினைவு அவரை மாதாதீன் என அழைக்கிறது. தோட்டாவின் மேலுறையில்கூடத் தீட்டு தேடிய சமூகத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்வு போதும்.

கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் ஆயுதத்திலேயே படிநிலை வகுத்தனர். இந்தியச் சிப்பாய்களுக்கென்று புரியில்லாத குழல் துளைக்கப்பட்டது. குறி தவறட்டும் என்பதே நோக்கம். வெள்ளையர் கையில் மார்ட்டினி வந்தபோது இந்தியர் கையில் ஸ்னைடர். அவர்களுக்கு லீ மெட்ஃபோர்டு வந்தபோது இவர்களுக்கு மார்ட்டினி. அதே காலத்தில்தான் போர்மரபு இனங்கள் என்ற கோட்பாடு வலுப்பெற்று, 1890களின் தொடக்கத்தில் மகர்களின் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. சென்னைப் படையின் காலாட்பிரிவுகளும் சுருங்கின. சாப்பர்ஸ் பிரிவில் பறையர்கள் காட்டிய திறனும் அந்தக் கோட்பாட்டை அசைக்கவில்லை.

அதே டம்டம்மில் 1890களில் 303 தோட்டாவின் முனை உறையை நீக்கி, உடலுக்குள் விரியும் ரவையை உருவாக்கினர். 1899 ஹேக் மாநாடு அத்தகைய ரவையைத் தடை செய்தது. லீ 1904 பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் காலமானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஜாலியன்வாலா பாக்கில் 1,650 முறை வெடித்தது அவர் பெயர் தாங்கிய துப்பாக்கிதான். அதற்கு அவரைக் குற்றம் சாட்டுவது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. சுட ஆணையிட்டவரையும் அவரைக் காத்த அமைப்பையும் அப்படிச் செய்தால் தப்பவிட்டதாகும்.

1878 ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்க வைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாதென்று 303க்குத் தடை இருந்ததால், வேட்டைக்கென 315 என்னும் தனித் தோட்டா பரவியது. லீயின் பூட்டமைப்பிலேயே இந்திய அரசுத் தொழிற்சாலைகள் 315 ரைபிள்களைச் செய்து விற்றன. விடுதலைக்குப் பின் 1959 சட்டம் வந்தது; ஆயினும் உரிமம் நிலத்தையும் செல்வாக்கையுமே தொடர்ந்து தேடிச் சென்றது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணிக்குள் நுழைந்தவர்கள் துப்பாக்கிகளோடு வந்தனர். 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர்.

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்திற்கு வருவோம். நார்த்தாமலைப் பகுதியில் காவல்துறையின் சுடுதளம் ஒன்று இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி நடத்தியபோது, வெகுதொலைவில் தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் ரவை பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். இராணுவ ரைபிளின் ரவை இரண்டு மூன்று கிலோமீட்டர் செல்ல வல்லது. துப்பாக்கியிலுள்ள எந்தத் தாழும் அதை நிறுத்தாது. குறிப்பலகைக்குப் பின்னேயுள்ள மண்மேடும் மலைச்சரிவும் தளத்தின் திசையமைப்புமே நிறுத்தும். தளம் எங்கே அமைய வேண்டும், அருகில் யார் வாழ்கிறார்கள் என்பது அதிகாரிகள் எடுக்கும் முடிவு. இந்த வட்டத்திற்கு வடக்கே, திருச்சியில் 1966 முதல் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலையில் ஒவ்வொரு ரைபிளும் கூடுதல் அழுத்தம் கொண்ட தோட்டாவால் சோதிக்கப்பட்டே வெளிவரும். ஊர்களுக்கு அப்படியொரு சோதனை கிடையாது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதோரின் ஆயுத உரிமங்களைத் தேவையெனில் இரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கச் சொல்கிறது. தேவையெனில் பட்டியல் சாதியினருக்கு உரிமம் வழங்கவும் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் எந்தப் பகுதிகள் அவ்வாறு இனங்காணப்பட்டுள்ளன, எத்தனை உரிமங்கள் இரத்தாயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நாம் கேட்கத்தான் வேண்டும்.

துப்பாக்கிச் சூடு நிகழ்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை வேறு. மெட்ஃபோர்டும் என்ஃபீல்டும் வகுத்த புரிகள் ஒவ்வொரு ரவையின்மேலும் கீறல் இடுகின்றன. ஊசியின் தடம் தோட்டாக் கூட்டின் அடியில் பதிகிறது. இவ்விரண்டும் எந்தத் துப்பாக்கி என்பதைச் சொல்லும். ஆயுத அறைப் பதிவேடோ, அந்த எண்ணுள்ள துப்பாக்கி அன்று யாரிடம் இருந்தது, எத்தனை தோட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பியது என்பதைச் சொல்லும். 2014இல் உச்ச நீதிமன்றம் பி.யு.சி.எல். வழக்கில் வகுத்த நெறிமுறைகள், மோதல் கொலைகளில் சம்பந்தப்பட்ட காவலர்கள் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. உடற்கூறாய்வின்போதே ரவையை முத்திரையிட்டு எடுக்குமாறும், கூடுகளை எண்ணிக் கைப்பற்றுமாறும், பதிவேட்டின் நகலைத் தருமாறும் முதல் நாளிலேயே எழுத்துமூலம் மனு கொடுங்கள். ஒப்புதல் முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.