கரும்புத் தோட்டத்து வண்டிக்காரர்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த மனிதரின் கதை சட்டென்று விளங்கிவிடும். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். பெயர் துசேன் லூவெர்த்தூர்.

அமெரிக்காவுக்குப் பக்கத்தில், கரிபியன் கடலில் ஒரு தீவு. அதன் மேற்குப் பகுதி 1697-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. சான் தொமாங் என்று பெயர். இன்றைய ஹைத்தி நாடு அதுதான். கரும்பும் காப்பியும் அங்கே கொழித்தன. லாபமெல்லாம் பிரான்சுக்குப் போனது. பாடுபட்டவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1789 வாக்கில் அவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். வெள்ளைக்காரர்கள் சுமார் 30,000 பேர்தான். கூலி கிடையாது, சவுக்கடி உண்டு. செத்தவர்களுக்குப் பதிலாகப் புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

1743 வாக்கில் பிரெடா என்ற தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தார் துசேன். மாடு, குதிரைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு தோட்ட நிர்வாகியின் குதிரை வண்டியை ஓட்டினார். எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டார். 1776-க்குள் அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. நம் கஷ்டம் தீர்ந்தது, மற்றவர்கள் எப்படிப் போனால் என்ன என்று இருந்திருக்கலாம். ஆனால் அவர் அப்படி இருந்துவிடவில்லை.

1789-இல் பிரான்சில் புரட்சி வந்தது. மனிதர் எல்லாரும் சமம் என்று அறிவித்தார்கள். அந்தச் சமம் கரும்புக் காட்டுக்கு மட்டும் வரவில்லை. 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தோட்டங்கள் பற்றி எரிந்தன. தமக்கு வேலை கொடுத்த நிர்வாகியின் குடும்பத்தைப் பத்திரமாக அனுப்பி வைத்துவிட்டு, துசேனும் கிளர்ச்சியில் சேர்ந்தார். சீக்கிரமே படைத்தலைவரானார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அவர் பிரான்சை விட்டுப் பிரிந்துபோகத் துடிக்கவில்லை. 1794-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்ததும், அதன் பக்கமே நின்று ஸ்பானியரோடும் ஆங்கிலேயரோடும் போரிட்டார். 1798-இல் ஆங்கிலப் படை வெளியேறியது. 1801-இல் அவர் ஒரு அரசியல் சட்டம் செய்தார். அடிமைமுறை இனி என்றைக்கும் இல்லை, ஆனால் நாடு பிரான்சின் பகுதியாகவே இருக்கும் என்றது அந்தச் சட்டம்.

அவரிடம் குறையும் உண்டு. ஏற்றுமதி நின்றால் நாடு நொடித்துப் போகும் என்று பயந்து, விடுதலையான தொழிலாளரை 1800-இல் பழைய தோட்டங்களுக்கே திருப்பினார். விளைச்சலில் பங்கு கொடுத்தார், சரி. ஆனால் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது என்று பட்டாளத்தை வைத்துக் கட்டாயப்படுத்தினார். சொந்தமாகத் துண்டு நிலம் வேண்டும் என்றிருந்த மக்களுக்கு இது பிடிக்குமா? 1801-இல் எதிர்த்து எழுந்தார்கள். துசேன் கடுமையாக அடக்கினார். தம் உறவினரான தளபதி மொய்சையே சுட்டுக்கொல்ல வைத்தார்.

அந்த மனக்கசப்பு ஆறுவதற்குள், 1802 தொடக்கத்தில் நெப்போலியன் அனுப்பிய பெரும் படை கரையிறங்கியது. சில மாதம் போரிட்டு, மே மாதத்தில் துசேன் சமாதானத்துக்கு இணங்கினார். ஜூனில் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து, வஞ்சகமாகப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். பிரான்சின் மலைக்கோட்டை ஒன்றில், குளிரிலும் தனிமையிலும், 1803 ஏப்ரல் 7-ஆம் நாள் உயிர் பிரிந்தது.

தலைவர் போனால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் அதே 1802-இல், குவாதலூப் தீவில் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற செய்தி எட்டியது. நாளை நமக்கும் இதே கதிதான் என்று மக்களுக்குப் புரிந்துபோயிற்று. பிரெஞ்சுப் படையில் சேர்ந்திருந்த தளபதி தெசலினும் மற்றவர்களும் திரும்பி எதிர்த்தார்கள். மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையை வாரிக்கொண்டு போனது. 1803 நவம்பரில் கடைசிப் போர். 1804 ஜனவரி 1-ஆம் நாள் ஹைத்தி சுதந்திர நாடானது.

அதற்கும் விலை கேட்டார்கள். 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களை இழந்த முதலாளிகளுக்காக 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. அடிபட்டவனே அடித்தவனுக்குப் பணம் கட்டிய கதை. பின்னால் தொகையைக் குறைத்தாலும், அந்தக் கடனால் பல தலைமுறைகள் நசுங்கின.

குடியேற்ற நாடுகள் ஏன் பிரிந்து போகின்றன என்று கேட்பவர்களுக்கு, துசேனின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. மரியாதையோடு வாழவிட்டிருந்தால், பிரான்சோடு சேர்ந்திருக்க அவர் தயாராகத்தான் இருந்தார். கொடுத்த உரிமையைத் திரும்பப் பிடுங்க வந்தார்கள் பாருங்கள், அன்றைக்கே அந்த உறவு அறுந்தது.