தியான் சந்தின் தூங்காத இரவு

விளையாட்டு விழா வந்துவிட்டால், உப்பளக் காற்று அனலாய் வீசும் நம் மரக்காணத்திலும் நமக்குக் கைகால் சில்லிட்டுவிடும். ஹாக்கி மாமன்னர் தியான் சந்தும் இப்படித் தவித்தவரே என்று படித்தபோது நாங்கள் வியந்தோம்.

1905-இல் அலகாபாத்தில் பிறந்த அவர், 1922-இல் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். 1928, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற அணிகளில் ஆடினார். 1936-இல் அணித்தலைவராகப் பெர்லின் சென்றார். அங்கே பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4-1 என வென்றது. அன்றிரவு அவர் கண்ணயரவில்லை. வீரர் சிலர் உணவும் கொள்ளவில்லை. ஆயினும் அவர் கலங்கியே இருந்துவிடவில்லை. அணியின் குறையை ஆராய்ந்து, தாரா என்ற வீரரை இந்தியாவிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார்.

ஆகஸ்டு 15 அன்று அதே ஜெர்மனியுடன் இறுதியாட்டம். உடைமாற்றும் அறையில் துணை மேலாளர் பங்கஜ் குப்தா மூவண்ணக் கொடியை எடுத்துக் காட்ட, படபடத்த நெஞ்சங்கள் அதை வணங்கிக் களம் இறங்கின. முற்பாதியில் ஒரே கோல். பிற்பாதியில் தியான் சந்த் ஆணிக் காலணிகளைக் கழற்றிவிட்டு ஆடினார். இந்தியா 8-1 என வென்றது!

அவர் 1979-இல் மறைந்தார். அவர் பிறந்த ஆகஸ்டு 29 நம் தேசிய விளையாட்டு நாள். தோழியரே, அச்சம் வருவது குற்றமன்று. அது காட்டும் குறையைத் திருத்திக்கொண்டு களம் இறங்குவோம்!