நீதிபதி ராதாபினோத் பால்: தனித்து நின்ற தீர்ப்பு

ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், தன் பிழையை உணர்ந்த கணமே அரியணையில் வீழ்ந்து உயிர் துறந்தான் என்பது சிலப்பதிகாரம் காட்டும் வரலாறு. மகனின் தேர்க்காலில் கன்று மடிந்தபோது அப்பழி காவலனாகிய தன்னையே சேரும் எனக் கருதினான் திருவாரூர் மனுநீதிச் சோழன். முன்னவன் ஆணையிட்டவன்; பின்னவனோ ஆணையிடாதவன், அறியாதவன். இருவரையுமே பொறுப்பாளிகளாகக் கண்டது நம் மரபு. ஆயின், இலட்சக்கணக்கானோர் மாளும் பெரும்போரில் தலைவன் எப்பொழுது குற்றவாளி ஆகிறான்? 1946ஆம் ஆண்டு டோக்கியோ மாநகரில் இக்கேள்வியை ஆராய 11 நாடுகளின் நீதிபதிகள் கூடினர். அவர்களுள், குற்றஞ்சாட்டப்பெற்ற அனைவரும் குற்றமற்றவர் எனத் தீர்ப்பெழுதியவர், இந்து சட்ட வரலாற்றை ஆழக் கற்ற வங்காளத்து அறிஞர் ஒருவர். அவரே ராதாபினோத் பால் ஆவார்.

இன்று வங்காளதேசத்தில் உள்ள குஷ்டியா மாவட்டத்தின் சலீம்பூர் சிற்றூரில், 1886ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் அவர் பிறந்தார். வறிய குடும்பம். கல்வி ஒன்றே கைப்பொருளாய் இருந்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்ற பின்னர், அலகாபாத்தில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நம் தோட்டத்து வழக்கில் சொன்னால் கிராணி வேலை. பிறகு மைமன்சிங் ஆனந்தமோகன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். அங்குப் பணியாற்றிக்கொண்டே சட்டம் பயின்றார். 1924இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புகழ்மிக்க தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை நிகழ்த்தும் பேறு அவருக்கு மும்முறை வாய்த்தது. வேத காலம் தொட்டு வளர்ந்த இந்து சட்டத்தின் வரலாறு அவற்றுள் ஒன்றின் பொருளாகும். உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1944 முதல் 1946 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய அவரை, அவ்வாண்டிலேயே இந்தியாவின் சார்பில் டோக்கியோவுக்கு அனுப்பினர்.

விசாரணை 1946 மே 3ஆம் நாள் தொடங்கிற்று. முன்னாள் பிரதமர் டோஜோ உள்ளிட்ட 28 பேர் குற்றஞ்சாட்டப்பெற்றனர். இருவர் இடையில் இறந்தனர். ஒருவர் மனநலக் குறைவால் விடப்பட்டார். எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகளே என 1948 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வெளியாயிற்று. எழுவர் அவ்வாண்டு திசம்பர் 23இல் தூக்கிலிடப்பட்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டு நீதிபதியோ, தாமே ஜப்பானியரின் போர்க்கைதியாய்த் துன்புற்றவர். சில தண்டனைகள் போதாமல் மென்மையாய் உள்ளன என்று எழுதினார். பால் எழுதிய மறுப்புத் தீர்ப்பு 1,235 பக்கங்கள் கொண்டது. அது நீதிமன்றத்தில் வாசிக்கப்படவில்லை. அமெரிக்க ஆட்சி நீடித்த 1952 வரை ஜப்பானில் அச்சேறவும் இல்லை.

அத்தீர்ப்பைப் படியாமலே பலர் புகழ்ந்தனர், பலர் இகழ்ந்தனர். ஜப்பான் நல்லது செய்தது என அவர் எங்கும் கூறவில்லை. நான்கிங்கிலும் மணிலாவிலும் நிகழ்ந்த கொடுமைகளுக்குச் சான்றுகள் மலையெனக் குவிந்துள்ளன என்பதை அவர் ஏற்றார். அவர் வாதம் வேறு. போர் தொடுப்பதே குற்றம் என்னும் சட்டம் அந்நாளில் உலகில் இல்லை. செயல் முடிந்த பின் சட்டம் இயற்றி அதன்படி தண்டிப்பது நீதியன்று. ஆசியாவில் வாளால் நாடு பிடித்தவர்களே நீதிபீடத்தில் அமர்ந்து, அதையே செய்த மற்றொருவனைத் தண்டிப்பது வென்றவன் செய்யும் பழிவாங்கலுக்குச் சட்டை போர்த்துவதாகும். கொடுமைகளை நேரில் செய்தவர்கள் பிற நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டுவிட்டனர். இந்த அமைச்சர்களும் தளபதிகளும் அவற்றுக்குக் கட்டளையிட்டார்கள் என்றோ, அறிந்தே விட்டார்கள் என்றோ ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை. கட்டளையிட்டுப் பொதுமக்களைக் கண்மூடித்தனமாய்க் கொன்றதற்கு இப்போரில் ஓர் எடுத்துக்காட்டு தேடினால், அணுகுண்டு வீசும் முடிவே முதலில் வந்து நிற்கும் என்றும் அவர் சுட்டினார். இதனைக் கேட்க வெற்றி பெற்றோர் எவரும் விரும்பவில்லை. இந்திய அரசும் அது அவருடைய தனிக்கருத்து என ஒதுங்கி நின்றது.

இக்கேள்வி ஜொகூர் மண்ணுக்கும் அந்நியமன்று. 1942 பிப்ரவரியில் தளபதி யாமாஷிதா, ஜொகூர் சுல்தானின் புக்கிட் செரீன் அரண்மனையில் அமர்ந்து, நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் எரிவதை நோக்கியவாறு போரை நடத்தினார். பின்னர் பிலிப்பைன்சில் அவருடைய படையினர் செய்த படுகொலைகளுக்காக அமெரிக்க இராணுவ ஆணையம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் கட்டளையிட்டார் எனக் காட்டப்படவில்லை; அடக்கத் தவறினார் என்பதே குற்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதிகள் இருவர் அத்தீர்ப்பை எதிர்த்தனர். 1946 பிப்ரவரி 23இல் அவர் தூக்கிலிடப்பட்டார். மற்றொருவர் தளபதி நிஷிமுரா. 1942 சனவரியில் பத்து பகாட்டை அடுத்த பாரிட் சூலோங்கில், காயமுற்றுச் சரணடைந்த ஆஸ்திரேலிய, இந்தியப் படைவீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்குக் கட்டளையிட்டவர் எனத் தீர்மானித்த ஆஸ்திரேலிய நீதிமன்றம் அவரை 1951இல் தூக்கிலிட்டது. ஆணையிட்டவன், அடக்கத் தவறியவன் எனப் பாண்டியனும் சோழனும் எழுப்பிய அதே வேறுபாடு ஜொகூரில் தடம் பதித்த இருவர் வாழ்விலும் வந்து நிற்கிறது.

நம்மவர்க்கு இவ்வினா இன்னும் அருகில் உள்ளது. சயாம்–பர்மா மரண இரயில் பாதை 1942இலும் 1943இலும் 415 கிலோமீட்டர் தொலைவு அமைக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர்; அவர்களுள் 90,000 பேர் அளவில் இறந்திருக்கக்கூடும் எனக் கணிக்கின்றனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்களே. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்ற சொல்லை நம்பிச் சென்றவர் பலர். இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவடைத்துப் பிடித்துச் சென்ற ஊர்களும் உண்டு. கைதிகளுக்குத் தம் படை மருத்துவர்களேனும் உடன் இருந்தனர். தமிழர் குடிசைகளில் காலரா புகுந்தபோது ஏனென்று கேட்க ஆளில்லை.

இப்பாதையும் டோக்கியோவில் விசாரிக்கப்பட்டது. போர்க்கைதிகளை அதில் வேலை வாங்கியதற்கு டோஜோ முழுப் பொறுப்பாளி என்றே பால் எழுதினார். எனினும் அது ஓர் அரசின் செயல். விதியை மீறியதாகுமே தவிர அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பும் குற்றமாகாது என முடித்தார். ஏட்டில் பிழையற்ற வாதம்தான். ஆனால் கணவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுப் பால்வாளியுடன் தோட்ட வாசலில் காத்திருந்து காத்திருந்து முதுமையெய்திய தாய்மார்களின் முன் அதனை வாசித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டோக்கியோ அரங்கில் அத்தாய்மார்களுக்காகப் பேச மலாயாவுக்கென்று ஒரு நீதிபதி இல்லை. பால் பல அமர்வுகளுக்கு வராமலிருந்தார் என்பதையும் அவருடைய குறைகாண்போர் நினைவூட்டுவர். சிங்கப்பூரில் நடந்த பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்களில் இப்பாதையின் அதிகாரிகள் சிலர் தூக்கிலிடப்பட்டனர்; அங்கும் வெள்ளைக்கைதிகளின் சாவே பெரிதும் பேசப்பட்டது.

பால் அத்துடன் ஓயவில்லை. 1952 முதல் 1966 வரை ஐக்கிய நாடுகளின் பன்னாட்டுச் சட்ட ஆணையத்தில் உறுப்பினராகவும், இருமுறை அதன் தலைவராகவும் இருந்தார். போர்த் தலைவனைத் தண்டிக்கும் சட்டம் வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒன்றாய் இருக்க வேண்டும் என்பதே அவர் வேட்கை. இந்திய அரசு 1959இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கிற்று. அவரைத் தங்கள் பக்கத்துச் சான்றாக ஜப்பானியத் தீவிர தேசியவாதிகள் கொண்டாடினர். கொடுமைகள் நடந்தன என அவர் எழுதிய பக்கங்களை மட்டும் அவர்கள் புரட்டுவதில்லை. 1967 சனவரி 10இல் கல்கத்தாவில் அவர் காலமானார்.

டோஜோவும் பிறரும் 1978இல் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் போர்வீரத் தெய்வங்களோடு சேர்க்கப்பட்டனர். அவ்வாலய வளாகத்திலேயே 2005இல் நீதிபதி பாலுக்கு நினைவுக்கல் எழுப்பினர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாய்ப் பெயர் தாங்கி நிற்கின்றன. அதே பாதையில் மாண்ட தமிழர்களுள் மிகப் பலர் எங்குப் புதைந்தனர் என்பதற்கு அடையாளம் கிடையாது.