கடல் கடந்து கற்ற அண்ணல்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், படிப்பகத்திற்கு வரும் மாணவர்கள் நம்மிடம் மிகுதியாகக் கேட்பது, வெளிநாடு சென்று சட்டத்தில் முதுகலை பயில்வதற்கு என்ன செய்தல் வேண்டும் என்பதேயாகும். திருச்சிராப்பள்ளியில் 1979-இல் அரசு சட்டக் கல்லூரி தோன்றியது. திருவரங்கம் வட்டத்து நவலூர் குட்டப்பட்டில் 2013 முதல் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. உள்ளூரிலேயே சட்டம் கற்கும் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகள் அதற்கப்பால் நோக்குதல் இயல்பே. விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, பரிந்துரைக் கடிதம் ஆகியன பற்றி எடுத்துரைப்போர் பலர் உளர். நாம் ஈண்டு டாக்டர் அம்பேத்கர் கடல் கடந்து கற்ற பத்தாண்டுகளை மட்டும் விரித்துரைக்க விழைகின்றோம். அவர்தம் பட்டங்களை நம் சிறுவரும் வரிசையாகக் கூறுவர். அப்பட்டங்களுக்கு இடையே அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ நகரில் படைவீரர் குடியிற் பிறந்த அவர், 1912-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பரோடா அரசின் பணியிற் சேர்ந்த சில நாட்களிலேயே தந்தையார் இராம்ஜி மறைந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட், திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை தர இசைந்தார். ஆயின் கற்றுத் திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடாவிற் பணிபுரிய வேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதப்பெற்றது. 1913 ஜூனில் அதிற் கையொப்பமிட்டு, ஜூலைத் திங்களில் அவர் நியூயார்க் நகரை அடைந்தார்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது சட்டமன்று, பொருளியல். அத்துடன் வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல் ஆகியவற்றையும் கற்றார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9-ஆம் நாள் மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியச் சாதிகளின் தோற்றம் குறித்து ஆய்வுரை படித்தார். பழைய நூற்கடைகளில் அவர் வாங்கிச் சேர்த்த நூல்கள் மிகப் பல. பிற்காலத்தில் அரசமைப்புச் சட்டம் வரைந்த கைக்கு இவ்வகன்ற கல்வியே உரமாயிற்று என்பது நம் கருத்து.

சட்டக் கல்வி இலண்டனில் தொடங்கியது. 1916-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், பாரிஸ்டர் ஆவதற்குக் கிரேஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திலும் ஒருங்கே சேர்ந்தார். அக்காலத்தில் பாரிஸ்டர் ஆக விரும்புவோர் தேர்வுகளில் தேறுவதோடு, சங்கத்து மண்டபத்தில் குறித்த எண்ணிக்கையில் விருந்துண்டு வருகையையும் மெய்ப்பித்தல் வேண்டும். தாய்நாட்டில் பொதுக் குளத்து நீரும் மறுக்கப்பட்ட குடியில் வந்தவர், ஆங்கிலேயச் சட்ட மாணவரோடு ஒரே பந்தியில் அமர்ந்துண்ண வேண்டியது விதியாயிற்று!

ஆனால் 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடாவிலிருந்து திரும்புமாறு ஆணை வந்தது. பாதியில் நின்ற கல்வியைத் துறந்துவிட்டு அவர் புறப்பட்டாரல்லர். நான்காண்டுகளுக்குள் மீண்டு வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் இசைவு பெற்ற பின்னரே கப்பலேறினார். தனியே அனுப்பிய அவருடைய நூல்கள் போர்க்காலத்து நீர்மூழ்கித் தாக்குதலில் கப்பலோடு கடலில் மூழ்கின. கடலில் மூழ்காமல் எஞ்சியது அவ்விசைவு ஒன்றே. இடையில் நிறுத்த நேரும் மாணவர் எவரும் இச்செயலை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பரோடாவில் நிகழ்ந்தது நாடறிந்த கதை. அலுவலகத்துப் பணியாளரும் தாள்களை அவர் கையிற் கொடாது தொலைவிலிருந்து எறிந்தனர். தங்க வீடு கிட்டாது பார்சி விடுதியொன்றில் ஒதுங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. பத்தாண்டு ஒப்பந்தம் அவ்வாறு முறிந்தது. 1918 நவம்பரில் பம்பாய் சைடனாம் கல்லூரியில் 450 ரூபாய் ஊதியத்திற் பேராசிரியரானார். அவ்வூதியத்தில் சிக்கனமாக வாழ்ந்து மீதம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் உதவினார். நண்பர் நவல் பாதேனா 5000 ரூபாய் கடன் தந்தார். குறித்த கெடு முடியுமுன், 1920 ஜூலையில், அவர் மீண்டும் இலண்டனுக்குச் சென்றார்.

காலையில் அரைகுறை உணவு. பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் மூடும்வரை படிப்பு. இரவில் மீண்டும் படிப்பு. பம்பாயில் இராமாபாய் அம்மையார் வறுமையோடு போராடிக் குடும்பம் காத்தார். பிறந்த மக்களுள் யசுவந்தர் ஒருவரே நிலைத்தார். இவ்விலையையும் அப்பட்டங்களின் கணக்கிற் சேர்த்தே எண்ண வேண்டும். 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1922-இல் பாரிஸ்டர் தகுதியும் கிட்டின. ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வேட்டைத் தேர்வாளர் திருத்தித் தருமாறு திருப்பியனுப்பினர். கையிற் பணமின்மையால் 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, அவ்வாண்டு நவம்பரில் டி.எஸ்ஸி. பெற்றார். வழக்குரைஞராகச் சனது பெறுவதற்கும் பாதேனாவே பணம் தந்தார்.

பின்னர் அவர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியராயும், 1935 முதல் முதல்வராயும் விளங்கினார். அவர் எல்.எல்.எம். பயின்றாரல்லர். கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1952-இல் அளித்த எல்.எல்.டி. மதிப்புறு பட்டமாகும்.

1942-இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினரானதும், ஒடுக்கப்பட்ட மாணவரை வெளிநாடு அனுப்ப ஆண்டுக்கு ஓர் இலட்ச ரூபாய் ஒதுக்குமாறு மனுவில் கேட்டார். வியப்பு யாதெனில், அம்மனுவில் அவர் கலைக்கும் சட்டத்திற்கும் முதன்மை தரவில்லை. அறிவியலும் தொழில்நுட்பமுமே நம்மவர்க்குப் பெரிதும் பயன்படும் என்றும், அச்செலவு நம்மவரால் தாங்கவியலாதது என்றும் வாதிட்டார். சட்டம் பயில விழையும் நம் இளைஞர்க்கு இது சற்றுக் கசக்கலாம். எனினும் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1956-இல் பம்பாயில் சித்தார்த்த சட்டக் கல்லூரியைத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

1954-55-இல் நடுவண் அரசு தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் 2022-ஆம் ஆண்டு விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் ஆகியன பற்றிய ஆய்வுக்கு அத்தொகை கிடையாது என விலக்கின. 1916-இல் அண்ணல் படித்த சாதிகள் பற்றிய ஆய்வுரை அவ்விதியின்கீழ் ஒரு காசும் பெற்றிராது! ஆதலின் விண்ணப்பிக்கும் மாணவர் தாம் எடுத்துக்கொள்ளும் பொருளை அவ்வவ்வாண்டு விதிகளோடு முன்னரே ஒப்புநோக்குதல் வேண்டும். அவ்விதிகளை வரிவரியாகப் படித்துப் பொருள் காண, திருச்சியிலும் திருவரங்கத்திலும் சட்டம் பயிலும் மூத்த மாணவர்களைப் படிப்பகத்திற்கு அழைக்கின்றோம்.