கல்லில் விழுந்த டிரிகர்

ஏற்காடு போகிற எல்லாரையும் போல நாங்களும் ஏரியில் படகு விட்டோம், லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்தோம். ஹோலி டிரினிட்டி சர்ச்சில் ஒரு நினைவுக்கல் முன்னால் மட்டும் நான் நின்றுவிட்டேன். ராபர்ட் புரூஸ் ஃபூட். ஜியாலஜிக்காரர். நண்பர்களே, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்கு லாஜிக் அனலைசரில் டிரிகர் வைக்கப் புரிய வைத்தவர் அவர்தான்.

அப்போது என் பிராஜெக்ட் படுத்திருந்தது. 8085 கிட்டில் புரோகிராம் நன்றாக ஓடும். திடீரென்று ரீசெட் ஆன மாதிரி ஆரம்பத்துக்குப் போய்விடும். லாஜிக் அனலைசரை மாட்டினேன். ஆர்.டி. சிக்னல் விழுந்ததும் பதிவு செய் என்று வைத்தேன். அது எப்பவும்தானே விழுகிறது! இருக்கிற 1024 சாம்பிள் மெமரி கண் இமைக்கும் முன் நிரம்பிவிட்டது. நிரம்பியதெல்லாம் ஒழுங்காக ஓடுகிற லூப். இரண்டு நாள் இதே கூத்து.

ஃபூட் 1834-ல் இங்கிலாந்தில் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல், 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைப் பக்கம் வேலைக்கு வந்தார். மறு வருஷம், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கோடரிகள் ஆதிமனிதன் செய்தவையே என்று பிரெஸ்ட்விச், எவான்ஸ் இருவரும் உறுதி செய்தார்கள். அந்தச் சேதி ஃபூட் மனசில் ஒரு கண்டிஷனாக உட்கார்ந்துகொண்டது. பழைய சரளைப் படிவமாக இருக்கணும். கல்லில் ஆள் கை செதுக்கிய தழும்பும் இருக்கணும். நம் பாஷையில் அண்ட் கேட்.

1863 மே 30. பல்லாவரம் ராணுவ மைதானத்தில் செம்பூராங்கல் சரளை தோண்டிய குழி. எத்தனை பேர் அந்தச் சரளையை மிதித்துப் போயிருப்பார்கள்! டிரிகர் விழுந்தது ஃபூட்டுக்குத்தான். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அன்று அவர் கையில் இருந்தது.

கல்லைப் பையில் போட்டுக்கொண்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். அங்கே இன்னும் கருவிகள். எந்த இடம், எந்தப் படிவம், சுற்றி என்ன மண் என்பதையும் எழுதி வைப்பார். அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்டிய சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள்.

தமிழறிஞர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளைக் கட்டியவர் ஃபூட். 1891-ல் ஓய்வு பெற்றார். பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் வேலை பார்த்தார். குடியிருக்கத் தேர்ந்தெடுத்தது ஏற்காட்டை. சேர்வராயன் மலையில் பழைய கண்டிஷன் செல்லாது. இங்கே கிடைப்பது புதிய கற்காலத்து வழவழப்பான கோடரி. அதையும் மலைவாசிகள் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சரளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் சிக்கியிருக்காது. மனுஷர் கண்டிஷனை மாற்றிக்கொண்டார், கோயிலடியிலும் தேடினார். சேர்த்ததையெல்லாம் 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912-ல் காலமானார். அந்தச் சேகரிப்பின் விவர நூல்கள் அதற்குப் பிறகுதான், 1914-லும் 1916-லும், வெளிவந்தன.

ஊர் திரும்பியதும் நேரே லேபுக்குப் போனேன். தேட வேண்டியது என்ன? புரோகிராம் தன்னால் 0000-க்குப் போகிற அந்த ஒரு தருணம். அட்ரஸ் லைன் எல்லாம் 0. எஸ்0, எஸ்1 இரண்டும் 1, அதாவது ஆப்கோடு எடுக்கிற நேரம். டேட்டா லைன் எதுவானாலும் சரி. டிரிகர் பொசிஷனைக் கடைசியில் வைத்தேன். அப்போதுதான் சம்பவத்துக்கு முன்னால் நடந்தது மெமரியில் நிற்கும். ஃபூட் கல்லோடு மண்ணையும் குறித்தாரே, அது மாதிரி. சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்து விழுந்தது.

பின்னோக்கிப் பார்த்தால் ஒரு ரிட்டர்ன். அதற்கு ஸ்டாக் கொடுத்த விலாசம் 0000. சப்ரொட்டீனில் பி ரிஜிஸ்டர் ஜோடியைப் புஷ் செய்த நான், ஒரு கிளையில் மட்டும் பாப் போட மறந்திருந்தேன். அந்த ஜோடியில் அப்போது இருந்தது பூஜ்யம். ஒரே ஒரு வரி சேர்த்தேன். சாயங்காலம் லேப் அசிஸ்டென்ட் வந்து ஸ்விட்சை அணைக்கிற வரை கிட் ஓடிக்கொண்டிருந்தது.