முதல் பேசும்பட நாயகி

1911-ஆம் ஆண்டு சூரத் நகரில் பிறந்தவர் சுபைதா. தந்தையார் அருகிலிருந்த சச்சின் சமஸ்தானத்தின் நவாப். தாயார் நடிகை பாத்திமா பேகம். உயர்குடிப் பெண்கள் நடிப்பது இழுக்கெனக் கருதப்பட்ட காலம் அது. பெண் வேடங்களையும் பெரும்பாலும் ஆண்களே புனைந்தனர். தாயாரோ தாமும் நடித்து, தம் மகளிர் மூவரையும் திரைக்கு அழைத்து வந்தார். 1926-இல் படம் இயக்கி, இந்தியாவின் முதல் பெண் இயக்குநராகவும் ஆனார். அவரைப் பற்றித் தனிப்பாடமே எழுதலாம்!

சுபைதா ஏறத்தாழ 12 வயதில் ஊமைப்படங்களில் நடிக்கத் தொடங்கினார். அப்படங்களில் கண்களும் முகமுமே பேச வேண்டும். அதில் அவர் தேர்ந்தார்.

1931 மார்ச் 14 அன்று இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' மும்பை மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. சுபைதாவே நாயகி. படப்பிடிப்பு நிலையத்தின் அருகே இரயில்கள் ஓடியமையால், அவ்வோசை ஓய்ந்த நள்ளிரவிலேயே பெரும்பகுதியைப் படமாக்கினர். ஒலிவாங்கிகளை நடிகர்களின் அருகே மறைத்து வைத்தனர். படம் காண முண்டியடித்த கூட்டத்தை அடக்கக் காவலர்கள் வரவேண்டியதாயிற்று. தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படத்தையும் அதே ஆண்டில் அதே நிறுவனமே தயாரித்தது.

சுபைதா 1988-இல் காலமானார். 'ஆலம் ஆரா'வின் படச்சுருள் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை. நிழற்படங்களில் அவர் முகத்தைக் காண்கிறோம். அப்படத்தில் ஒலித்த குரலைக் கேட்க இயலவில்லை.